‘கொஞ்ச நாளில் படிந்துவிடும்’

கார்ப்பெட் விரித்த மூன்றாம் நாள் பிற்பகல், முன்னறை ஜன்னல் வழியே தாழ்ந்து வந்த நவம்பர் வெயிலில்தான் அறையின் நடுவே ஓர் அலை எழுந்து நிற்பதை முதலில் கண்டேன். உள்ளங்கை அகலத்தில், ஜன்னலோரத்திலிருந்து கதவை நோக்கி ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளத்துக்கு அது ஓடியது. காலால் அழுத்தினால் அந்த இடத்தில் அமுங்கி, ஓரடி தள்ளி மறுபடி எழுந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் மிகவும் இனிமையாக, “புதுக் கார்ப்பெட் அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நாளில் படிந்துவிடும்” என்றார். நானும் நம்பினேன்.

நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வளர்ந்த யாழ்ப்பாணத்து வீட்டில் தரை என்றால் சிவப்புச் சாயமிட்டு மெழுகிய சீமெந்துத் தரைதான். விரிப்பு என்றால் பாய். புதுப் பாய் சுருண்டு நின்றால் மறுபக்கம் திருப்பி விரித்து, இரண்டு நாள் படுத்து எழும்பினால் அது படிந்துவிடும். சுவர் முதல் சுவர் வரை இழுத்துப் பொருத்தும் கார்ப்பெட்டும் அப்படியே என்று மனம் தானாகவே எண்ணிக்கொண்டது. லண்டனில் இருபது ஆண்டுகள் கார்ப்பெட்டின் மீது நடந்திருந்தாலும், அவையெல்லாம் வாடகை வீடுகளில் எங்களுக்கு முன்பே யாரோ போட்டுவிட்டுப் போனவை. நன்றாகப் பொருத்தப்பட்ட கார்ப்பெட் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது.

எங்கள் வீடு லண்டனின் வடமேற்கே ஹாரோ பகுதியில், 1930களில் கட்டப்பட்ட இரட்டை வீடுகளில் ஒன்று. வாங்கிக் குடிவந்த பிறகு முன்னறை, நடை, 13 படிகள் கொண்ட மாடிப்படி, மேல்நடை ஆகியவற்றுக்கு அருகிலிருந்த ஒரு கார்ப்பெட் கடையில் பேசி முடித்தோம். கடையிலிருந்து ஒருவர் வந்து அளந்து போனார். கார்ப்பெட், அதன் அடியில் விரிக்கும் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெத்தைபோன்ற அண்டர்லே, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 1,860 பவுண்டு. முற்பணம் 300 பவுண்டைக் கிரெடிட் கார்டிலும் மீதியை வங்கி அட்டையிலும் செலுத்தினேன். அந்த 300 பவுண்டைக் கிரெடிட் கார்டில் கொடுத்தது எந்த முன்யோசனையாலும் அல்ல. அன்று வங்கிக் கணக்கில் பணம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். பின்னால் அது எவ்வளவு பெரிய பிடியாக அமைந்தது என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

பொருத்த வந்தவர் ஒருவர் மட்டுமே. காலை எட்டரைக்கு வந்தார்; இரவு முழுவதும் வாகனத்திலேயே கிடந்த கார்ப்பெட் சுருளை இறக்கி, அது குளிர் தணிவதற்குள்ளேயே வெட்டத் தொடங்கினார். நண்பகலுக்கு வேறொரு வீட்டு வேலை இருப்பதாக வந்ததும் சொல்லிவிட்டார். பழைய கார்ப்பெட்டைத் தூக்கிச் சென்று எறிவதற்குத் தனியாக 40 பவுண்டு காசாகக் கேட்டார், கொடுத்தேன். வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் அவர் அள்ளப் போனபோது, எங்களோடு இருக்கும் மாமி, “அதை எறிய வேண்டாம் தம்பி, சாமித் தட்டுக்குக் கீழ போடலாம்” என்று தடுத்துவிட்டார். ஒன்றரை மீட்டருக்கும் குறைவான நீளத்தில் சில துண்டுகள், குப்பைப் பையில் சுற்றப்பட்டு மாடிக் கூரையறைக்குப் போயின. இந்த முழு விவகாரத்திலும் எங்கள் வீட்டில் எவரும் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான்.

இரண்டு வாரம் கழிந்தும் அலை படியவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று எழுந்திருந்தது. அத்தோடு வேறு சிலவும் கண்ணில் படத் தொடங்கின. முன்னறையில் கணப்படுப்பின் இருபுறமும் உள்ள குழிவுகளில், சுவரோரமாக ஏறக்குறைய 30 சென்ரிமீட்டர் அகலத்துக்குக் கார்ப்பெட்டின் நிறம் சற்று மங்கலாகத் தெரிந்தது. நடையில் ஒரு பக்கம், சுவரடிப் பலகைக்கும் கார்ப்பெட் விளிம்புக்கும் இடையே அண்டர்லேயின் நீல நிறம் எட்டிப் பார்த்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆனால் ஒரு நாள் காலை மாமி மேலிருந்து நான்காம் படியில் நின்றபடி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்: “தம்பி, இந்தப் படியிலை கால் வைக்கப் பயமாக் கிடக்கு. கம்பளம் காலோடை வருது.” குனிந்து கையால் தள்ளிப் பார்த்தேன். படி விளிம்பின் மேல் கார்ப்பெட் விரல் தடிப்புக்குத் தளர்ந்து நகர்ந்தது. எழுபத்து நான்கு வயதுக்காரர் நாளுக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கும் படி அது.

அன்று மாலையே, கட்டட வேலை செய்யும் எங்கள் ஊரவர் ஒருவரை அழைத்தேன். அவர் கார்ப்பெட் தொழிலாளி அல்லர். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளாக இந்நாட்டு வீடுகளின் தரைகளைத் திறந்து மூடியவர். அறைக்குள் வந்தவர் அலையைப் பார்க்கவேயில்லை. நேரே மூலைக்குச் சென்று, குறட்டினால் கார்ப்பெட்டின் நுனியைப் பிடித்து மெதுவாகத் தூக்கினார். அது எந்த எதிர்ப்பும் இன்றிக் கழன்று வந்தது. “தம்பி, உதைச்சுத்தான் போட்டிருக்கிறான், இழுக்கேல்லை” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்த தொழில் நுட்பத்தைப் பிறகு அவர் தரையில் அமர்ந்து எனக்கு விளக்கினார். கார்ப்பெட் தரையோடு ஒட்டப்படுவதில்லை. சுவரைச் சுற்றிலும் கிரிப்பர் எனப்படும் மெல்லிய மரச்சட்டங்கள் தரையில் அடிக்கப்படும். அவற்றில் சிறு ஊசிகள் சுவரை நோக்கிச் சாய்ந்து நிற்கும். கார்ப்பெட்டை ஒரு சுவரில் அந்த ஊசிகளில் மாட்டி, எதிர்ச் சுவருக்கு இழுத்து, அங்கும் மாட்டும்போது, மேளத்தின் தோலைப் போல அது இரு பக்கமும் விறைத்து நிற்க வேண்டும். சட்டத்துக்கும் சுவரடிப் பலகைக்கும் இடையே கார்ப்பெட்டின் தடிப்பைவிடச் சற்றுக் குறைவான ஓர் இடைவெளி விடப்படும். வெட்டிய விளிம்பு அந்த இடைவெளிக்குள் இறுக்கமாகச் செருகப்படும். எங்கள் நடையில் அந்த இடைவெளி சில இடங்களில் இரண்டு சென்ரிமீட்டர் இருந்தது. விளிம்பு உள்ளே விழுந்து, பிடிப்பதற்கு ஒன்றும் இன்றிக் கிடந்தது.

இழுப்பதற்கு இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று ‘நீ கிக்கர்’: ஒரு முனையில் பற்களும் மறு முனையில் திண்டும் கொண்டது; பற்கள் கார்ப்பெட்டைப் பிடிக்க, திண்டை முழங்காலால் உதைக்க வேண்டும். சின்ன அறைக்கும் மூலை முடுக்குக்கும் அது போதும். மற்றது ‘பவர் ஸ்ட்ரெச்சர்’: குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி, ஒரு நுனியை எதிர்ச் சுவரின் அடியில் ஊன்றி, மறு நுனியில் உள்ள நெம்புகோலை அழுத்தினால் அறை முழுவதுமான கார்ப்பெட் ஒரே சீராக நகரும். எங்கள் முன்னறை, வெளியே புடைத்த ஜன்னல் பகுதியையும் சேர்த்தால் 4.7 மீட்டர் நீளம். அந்த நீளத்துக்கு முழங்கால் உதை மட்டும் போதாது. அதோடு, குளிரில் கிடந்த கார்ப்பெட்டின் அடித்துணி விறைப்பாக இருக்கும். அப்போது அது நன்றாக இழுபட்டதுபோலத் தோன்றும். வீட்டுச் சூட்டில் இளகியதும் தளர்ச்சி வெளியே வரும். அதனால்தான் சுருளை முதல் நாளே, குறைந்தது 24 மணி நேரம், விரிக்கப்போகும் அறையின் வெப்பத்தில் வைத்திருக்கும்படி பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அலை மூன்றாம் நாள் எழுந்ததன் மர்மம் இவ்வளவுதான்.

ஆகவே, தளர்வாக மாட்டப்பட்ட கார்ப்பெட் நாளடைவில் படியாது. நடக்க நடக்க இன்னும் தளரும். அலையின் முதுகில் இழை தேயும். காலப்போக்கில் அடித்துணியே மடிந்து உடையவும் கூடும். உண்மையில் நாளடைவில் சரியாகிவிடுபவை வேறு. முதல் சில வாரங்கள் வெற்றிடத் துடைப்பானில் பஞ்சு பஞ்சாக இழை வருவதும், தளபாடம் நின்ற இடத்தில் பள்ளம் விழுவதும் குறைகள் அல்ல. நடந்த இடத்தில் இழை சாய்ந்து நிறம் மாறியதுபோலத் தெரிவதும் பெரும்பாலும் கார்ப்பெட்டின் இயல்புதான். இவற்றையும் சேர்த்து முறையிட்டால், கடைக்காரர் இவற்றையே பிடித்துக்கொண்டு மற்றவற்றையும் தட்டிக் கழிக்க வழி கிடைக்கும். கடைக்கு முதலில் எழுதிய முறைப்பாட்டில் நான் அந்தத் தவறைச் செய்தேன். பஞ்சு வருவதைப் பற்றி மூன்று வரி எழுதியிருந்தேன்.

குழிவுகளில் தெரிந்த மங்கலுக்கும் விளக்கம் கிடைத்தது. அறையின் அகலம் குழிவின் பின்சுவர் வரை 4.25 மீட்டர். கார்ப்பெட்டோ 4 மீட்டர் அகலச் சுருள். ஆகவே இரு குழிவுகளிலும் ஒவ்வொரு பட்டையை இணைத்தாக வேண்டும். அதில் தவறில்லை, ஆனால் அளக்க வந்தவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதே வகைக் கார்ப்பெட் 5 மீட்டர் அகலத்திலும் வருகிறது என்றும் சொல்லவில்லை. கழிவு கூடும், விலை ஏறும், ஆனால் இணைப்பு இராது என்று சொல்லியிருந்தால் முடிவு எங்களுடையதாக இருந்திருக்கும். பொருத்தியவர் செய்த பிழை அதற்கு மேலானது. கார்ப்பெட்டின் இழை எப்போதும் ஒரு திசையில் சாய்ந்திருக்கும். இணைக்கும் துண்டின் இழையும் அதே திசையில் சாய்ந்தால்தான் நிறம் ஒன்றாகத் தெரியும். அவர் கையில் கிடைத்த துண்டைக் குறுக்காகத் திருப்பி ஒட்டியிருந்தார். பூனையின் முதுகை வால் பக்கம் நோக்கித் தடவுவதற்கும் தலைப்பக்கம் நோக்கித் தடவுவதற்கும் உள்ள வேறுபாடு அது. உள்ளங்கையால் இணைப்பின் இரு பக்கமும் தடவிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம்.

படிகளில் ஊரவர் கண்டவை அவரையே முகம் சுளிக்க வைத்தன. ஒவ்வொரு படியிலும், மிதிக்கும் பலகையின் பின்புறத்திலும் அதற்கு மேலெழும் நிலைப்பலகையின் அடியிலும் கிரிப்பர் அடித்து, இரண்டும் சந்திக்கும் மூலைக்குள் கார்ப்பெட்டை இறுக்கிச் செருகுவதுதான் முறை. எங்கள் படிகளில் பாதிக்குமேல் கிரிப்பரே இல்லை. ஸ்டேப்பிள் ஊசிகள் மட்டும் இருந்தன. அண்டர்லே என்று உள்ளே கிடந்தது புதியது அல்ல. பழைய வீட்டுக்காரர் காலத்து, தொட்டால் பொடியாக உதிரும் மாவுபோன்ற ரப்பர். நாங்கள் படிகளுக்கும் சேர்த்தே புது அண்டர்லேக்குப் பணம் கொடுத்திருந்தோம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் கோபத்தோடு கடைக்குப் போகவில்லை. கோபம் இல்லாமல் இல்லை, ஊரவர்தான் தடுத்தார். “படம் எடு. ஸ்கேல் வைச்சு எடு” என்றார். அவர் சொன்னபடி ஒவ்வொரு இடைவெளியிலும் அடிமட்டத்தை நிறுத்தி, அலையின் மேல் நீண்ட பலகையொன்றைக் குறுக்கே வைத்து அதன் அடியில் தெரிந்த வெளிச்சத்தோடு, தளர்ந்த படியைக் கையால் தள்ளுவதைக் காணொளியாக, எல்லாவற்றையும் நாள் தெரியும்படி பதிவு செய்தேன். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் எடுத்தால்தான் அலை படத்தில் விழும் என்பது நான் பத்துப் படங்களை வீணாக்கிய பிறகு கற்றது. உச்சி விளக்கைப் போட்டு எடுத்தவற்றில் கார்ப்பெட் கண்ணாடிபோல் சமதளமாகத் தெரிந்தது.

படங்களோடு கடைக்குச் சென்றபோது அங்கிருந்த முகாமையாளர் புதிய வாதமொன்றை எடுத்தார். பொருத்தியவர் கடையின் ஊழியர் அல்லர், சுயதொழில் செய்பவர். ஆகவே அவரோடு நான் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும். அதோடு நான் அவர் கையில் 40 பவுண்டு காசு கொடுத்திருப்பதால் ஒப்பந்தமே எனக்கும் அவருக்கும் இடையிலானது என்றார். இந்நாட்டில் கார்ப்பெட் வாங்குவோர் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே என்பது என் எண்ணம். பல கடைகள் கார்ப்பெட்டை மட்டும் விற்றுவிட்டு, பொருத்தும் கூலியை வேலை நாளன்று பொருத்துபவரிடம் நேரே கொடுக்கச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் உண்மையாகவே இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள் உருவாகிவிடும்; பிழை பொருளிலா வேலையிலா என்று இருவரும் ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்ட, நாம் நடுவில் நிற்போம். எங்கள் நல்வினை, கடையின் பற்றுச்சீட்டில் ‘சப்ளை அண்ட் ஃபிட்’, அதாவது பொருளும் பொருத்துவதும், என்று ஒரே வரியில், ஒரே தொகையாக எழுதியிருந்தது. 40 பவுண்டு பழைய கார்ப்பெட்டை அகற்றியதற்கு. அதற்கும் பொருத்தும் வேலைக்கும் தொடர்பில்லை. கடை யாரை அனுப்புகிறது, அவருக்கு எப்படிச் சம்பளம் கொடுக்கிறது என்பது கடையின் உள் விவகாரம்.

நுகர்வோருக்கு இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் தொலைபேசியில் பேசியபோதும் இதையே சொன்னார்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை நான் குறித்துக்கொண்டேன். விற்பவரே, அல்லது அவருடைய பொறுப்பில் இன்னொருவர், ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகப் பொருளைப் பிழையாகப் பொருத்தினால், அந்தப் பொருளே ஒப்பந்தத்துக்கு ஒவ்வாதது என்று 15ஆம் பிரிவு கொள்கிறது. எந்தச் சேவையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது 49ஆம் பிரிவு. பிழையை விற்பவர் தம் செலவில், நியாயமான காலத்துக்குள், நமக்குப் பெரிய இடைஞ்சல் இல்லாமல் திருத்த வேண்டும். அது முடியாவிட்டால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். சரிசெய்ய அவர்களுக்கு ஒரு வாய்ப்பு அளிக்காமல், பொறுமை இழந்து நானே வேறொருவரைக் கொண்டு திருத்திவிட்டுச் செலவைக் கேட்டிருந்தால் வழக்கு பலவீனமாகியிருக்கும் என்றும் எச்சரித்தார்கள். அன்று காலைதான் ஊரவருக்குத் தெரிந்த ஒரு ஃபிட்டரிடம், அதாவது கார்ப்பெட் பொருத்துபவரிடம், விலை கேட்டிருந்தேன்.

கிரெடிட் கார்டு விஷயமும் அந்த உரையாடலில்தான் தெரியவந்தது. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றுக்கு, முற்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தாலும், விற்றவர் ஒப்பந்தத்தை மீறினால் கார்டு வழங்கிய நிறுவனமும் அவரோடு சேர்ந்து பொறுப்பாகும். அந்தப் பொறுப்பு கார்டில் போன 300 பவுண்டோடு நிற்பதில்லை. முழு ஒப்பந்தத்துக்கும் நீளும். வங்கி அட்டைக்கு இச்சட்டப் பாதுகாப்பு இல்லை.

பிறகு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. முதல் பந்தியில் பற்றுச்சீட்டு எண்ணும் நாளும். அடுத்து ஐந்து குறைகள், அறை வாரியாக, அளவோடு. பின் நான் கேட்பது என்ன என்பது. முன்னறையைப் பவர் ஸ்ட்ரெச்சரால் மறுபடி இழுத்துப் பொருத்த வேண்டும். நடையின் கிரிப்பர்களைச் சரியான இடைவெளியில் மீண்டும் அடிக்க வேண்டும். படிகள் முழுவதையும் கழற்றி, புது அண்டர்லேயோடும் கிரிப்பரோடும் மறுபடி செய்ய வேண்டும். குழிவுப் பட்டைகளைச் சரியான இழைத்திசையில் மாற்ற வேண்டும். பதினான்கு நாள் அவகாசம் கொடுத்தேன். அதற்குள் நடக்காவிட்டால் சுயேச்சையான பரிசோதகர் ஒருவரின் அறிக்கையோடு கார்டு நிறுவனத்திடம் செல்வேன் என்று கடைசி வரியில் எழுதினேன். துணிக் கம்பளங்களைப் பொருத்துவதற்கென்றே பிஎஸ் 5325 என்ற பிரித்தானியத் தரநிலைக் கோவை இருக்கிறது. வேலையை அதன்படி செய்து தரவேண்டும் என்றும் ஒரு வாக்கியம் சேர்த்தேன். மாமி படியில் தடுமாறியதையும் எழுதினேன். ஆனால் ஒரே வரியில். விரித்து எழுதிய முதல் வரைவை மனைவி வாசித்துவிட்டு, “இது கடிதமா, ஒப்பாரியா?” என்று கேட்டதால் சுருக்கியது அது.

ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. பரிசோதகர் என்ற சொல்லா, கார்டு நிறுவனம் என்ற சொல்லா, எது வேலை செய்தது என்று நான் ஆராயவில்லை.

திருத்த வந்தவர் வேறொருவர். ஐம்பதைத் தாண்டிய ஆங்கிலேயர். கூடவே ஓர் உதவியாளர். முதல் ஒரு மணி நேரம் அவர் எதையும் கழற்றவில்லை. குழிவில் மண்டியிட்டுத் தடவுவதும், படிகளில் வெறுங்காலோடு ஏறி இறங்குவதுமாக இருந்தார். முந்தியவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. துருவித் துருவிக் கேட்டதற்கு, “அவருக்கு வேலைக்குத்தான் கூலி, மணிக்கு அல்ல” என்று மட்டும் சொன்னார். எனக்கு அதன் பிறகு முதல் ஃபிட்டர்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. கடைமேல் இருந்தது அவ்வளவாகக் குறையவில்லை.

முன்னறையில் மூன்று பக்கச் சுவர்களிலும் கார்ப்பெட்டைக் கழற்றி, அண்டர்லேயின் இணைப்புகளை நாடா ஒட்டிச் சீராக்கி, ஸ்ட்ரெச்சரின் குழாய்களைப் பூட்டி இழுத்தார். மரக்கட்டிலின் மேல் புதுத் துணியை உதறி விரிப்பதுபோல அலை இரண்டும் சத்தமின்றி மறைந்தன. கதவுப் பக்கச் சுவரில் எஞ்சி நின்ற விளிம்பை அவர் வெட்டி எடுத்து என் கையில் தந்தார். மூன்று சென்ரிமீட்டர் அகலமுள்ள நீண்ட நாடா. முன்னறைக்குள் ஒரு மாதமாக எழுந்து நின்ற அலை முழுவதும் அந்த நாடாவுக்குள் இருந்தது.

படிகளுக்கு அன்று பிற்பகல் முழுவதும் போயிற்று. ஒவ்வொரு படியையும் முடித்ததும், விளிம்பில் குதிக்காலை ஊன்றித் திருகிப் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போனார். இழை மேலிருந்து கீழ்நோக்கிச் சாயும்படியே படிகளில் கார்ப்பெட் போட வேண்டும் என்றும், இது ஒன்றை மட்டும் முந்தியவர் சரியாகச் செய்திருக்கிறார் என்றும் சொன்னார். அண்டர்லேயை மாற்றிய பிறகு படி காலுக்கு மென்மையாகவும் அதே நேரத்தில் உறுதியாகவும் இருந்தது. அண்டர்லே வாங்கும்போது தடிப்பை மட்டும் கேட்பது நம்மவர் வழக்கம். அடர்த்தியையும் கேட்க வேண்டும் என்பது அவர் தந்த அறிவுரை. தடித்து, ஆனால் பஞ்சுபோல் அமுங்குவது, கார்ப்பெட்டைக் கிரிப்பர் ஊசிகளிலிருந்து மெல்ல மெல்ல இழுத்துவிடுமாம். படிகளுக்கு அது அறவே ஆகாதாம்.

குழிவுப் பட்டைகளில்தான் சிக்கல் எழுந்தது. எங்கள் சுருளோடு ஒரே தடவையில் சாயமிட்ட தொகுதி கடையில் தீர்ந்துவிட்டது. அதே பெயர், அதே நிறம் என்றாலும் தொகுதி மாறினால் சாயல் மாறும். அவர் கொண்டுவந்த துண்டைப் பக்கத்தில் வைத்தபோது அது வேறு கார்ப்பெட் என்று குழந்தையும் சொல்லும். அப்போதுதான் மாமி கூரையறைத் துண்டுகளை நினைவுபடுத்தினார். எல்லாவற்றையும் இறக்கி விரித்து, பின்புறத்தில் அம்புக்குறி இட்டு அளந்து பார்த்ததில், சரியான இழைத்திசையில் ஒரு குழிவுக்கு மட்டும் போதுமான நீளம் கிடைத்தது. சாமித் தட்டு இருக்கும் குழிவை மாமியே தேர்ந்தெடுத்தார். விளிம்புகளைப் பசை தடவி அடைத்து, அடியில் நாடா வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டி போன்ற கருவியால் உருக்கி ஒட்டிய அந்த இணைப்பை, இடம் தெரிந்த எனக்கே இன்று தேடித்தான் காண முடிகிறது.

மற்றக் குழிவுக்கு என்ன செய்வது என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இருந்தது. முழு அறைக்கும் 5 மீட்டர்ச் சுருளில் புதிதாகப் போட்டுத் தரும்படி விடாமல் கேட்கலாம் என்றார் மனைவி. கேட்டிருந்தால் கிடைத்திருக்கவும் கூடும். ஆனால் அங்கே எப்படியும் புத்தக அலமாரி நிற்கப் போகிறது. அதற்காக இன்னும் இரண்டு மாதம் கடிதம் எழுதவும், மறுபடி எல்லாத் தளபாடத்தையும் நடையில் அடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. விலையில் 150 பவுண்டு குறைத்துத் தருவதாகக் கடை எழுத்தில் ஒப்புக்கொண்டது. இன்னும் 50 கேட்டிருக்கலாம் என்று மனைவி இன்றும் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பணம் கணக்குக்கு வந்த பின்னரே கடிதத்துக்குப் ‘பிரச்சினை தீர்ந்தது’ என்று பதில் அனுப்பினேன்.

இதற்குப் பின் எங்கள் தெருவிலும் உறவிலும் கார்ப்பெட் போடுவோர் என்னைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அளக்க வருபவரிடம் ‘இணைப்பு எங்கே வரும்’ என்று கேட்டு, அறையின் படத்தில் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள் என்பதே நான் முதலில் சொல்வது. ஜன்னலை நோக்கி ஓடும் இணைப்பு அவ்வளவாகத் தெரியாது. வெளிச்சத்துக்குக் குறுக்கே ஓடுவது கண்ணை உறுத்தும். கதவு வாசலுக்குள், எல்லோரும் மிதிக்கும் வழியில், இணைப்பை விழ விடக் கூடாது. கதவுகளின் அடியைச் செதுக்குவது யார் வேலை என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். அண்டர்லேயும் கார்ப்பெட்டும் சேர்ந்து இரண்டு சென்ரிமீட்டர் உயர்ந்துவிட்டால் கதவு திறவாது. பல ஃபிட்டர்கள் கதவைத் தொடமாட்டார்கள். வேலை முடிந்ததும் கையெழுத்துக் கேட்டால், மூலைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு படியிலும் குதிக்காலைத் திருகிப் பார்த்துவிட்டுப் போடலாம். அவர் வாசலில் நின்று மணி பார்த்தாலும் பார்க்கட்டும்.

மிஞ்சிய துண்டுகளில் இன்னும் இரண்டு கூரையறையில் இருக்கின்றன. திருத்த வந்தவர் புறப்படும்போது அவற்றின் பின்புறத்தில் கறுப்பு மையால் இழை சாயும் திசைக்கு ஓர் அம்புக்குறியும், பக்கத்தில் ‘படி’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் எழுதிவிட்டுப் போனார். மாமி அதன் கீழே, தமிழில், “எறிய வேண்டாம்” என்று எழுதி வைத்திருக்கிறார்.